ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள்

கழிப்பறைக்குள் காகிதத்தைப் போடாதீர்கள், பக்கத்திலேயே கூடை இருக்கிறது, அதில் போடுங்கள் என்று இந்தக் கோடையில் மட்டும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்பது ஸ்டமாத்தாவுக்கே தெரியாது. இத்தனைக்கும் அவள் விற்பது கப்பல் டிக்கெட். அனெமூசாத் தீவின் படகுத்துறையில், லெஃப்தேரிஸின் காபிக்கடைக்கும் மீன்வலை காயப்போடும் சுவருக்கும் நடுவில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க இடமில்லாத ஒரு கடை. அதற்கு ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெளியே வெயிலில் வரிசையாக நின்றுகொண்டு உலகம் அவளைக் கேள்வி கேட்டது.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? குடிக்கலாம், உப்புக் கரிக்கும், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து நிற்கக் கூடாது. பஸ் எத்தனை மணிக்கு? டிரைவர் சாப்பிட்டு முடித்ததும். அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்? அது அவர் பெண்டாட்டி சமைத்து முடிப்பதைப் பொறுத்தது. கலங்கரை விளக்கத்துக்கு நடந்து போக முடியுமா? முடியும், விடிகாலையில் போனால் நடந்து வரலாம், உச்சிவெயிலில் போனால் உங்களைக் கழுதைமேல் கிடத்தித்தான் கொண்டுவர வேண்டும். மடத்துக்குள் அரைக்கால் சட்டையோடு விடுவார்களா? விடமாட்டார்கள். இந்த அரைக்கால் சட்டை ரொம்ப விலை உயர்ந்தது, அப்போதும் விடமாட்டார்களா?

ஸ்டமாத்தா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள், ஆனால் சொன்னாள். நீச்சல் உடையும் ரப்பர் செருப்புமாக வாடகை ஸ்கூட்டரில் ஏறப்போன ஒரு பையனை ஜன்னலிலிருந்தே அதட்டி நிறுத்தினாள்.

"தம்பி, பேன்ட் எங்க?"

"சூடா இருக்கே."

"ரோடு பூரா ஜல்லி. விழுந்தா தோலு உரிஞ்சு வரும். இங்க இருக்கறது ஒரே ஒரு டாக்டர். அவரும் இப்ப மீன் பிடிக்கப் போயிருக்காரு. போ, போய் பேன்ட்டப் போட்டுட்டு வா."

பையன் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனான். மாலையில் முழங்கையிலிருந்து கணுக்கால்வரை கட்டுப்போட்டுக்கொண்டு, வலிக்கு என்ன மாத்திரை வாங்கலாம் என்று அதே ஜன்னலுக்கு வந்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்றால்கூடப் பரவாயில்லை, செவிடனாவது திரும்பி வந்து மாத்திரை கேட்கமாட்டான்.

ஆனால் இந்தச் சில்லறைப் புத்திமதிகளுக்கெல்லாம் மேலே அவளிடம் ஒன்று இருந்தது. அதை அவள் வேதவாக்கு மாதிரி சொல்வாள். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அதே நாளில் தீவிலிருந்து கப்பல் ஏறக் கூடாது. ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிப் போய்விட வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் எங்கள் கடலில் வடகாற்று எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. எழும்பினால் துறைமுகக் காவலர்கள் கப்பலைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். பிறகு ஒரு நாளோ மூன்று நாளோ, அது காற்றின் இஷ்டம்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு ஹாலந்துக்காரர் வந்தார். மூக்கு வெயிலில் வெந்து உரிந்திருந்தது. பின்னால் அவர் மனைவி பையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏதென்ஸ்லேருந்து எங்களுக்கு ப்ளைட். ஞாயித்துக்கிழமை காலைக் கப்பல்ல போனா சரியா இருக்கும் இல்ல?"

"இருக்காது. நாளைக்கே போயிடுங்க."

"ஏன், ஞாயித்துக்கிழமை கப்பல் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"கப்பலும் இருக்கு. காத்தும் இருக்கு."

ஹாலந்துக்காரர் திரும்பிக் கடலைப் பார்த்தார். கடல் எண்ணெய் தடவினாற்போலக் கிடந்தது. கைப்பேசியில் ஏதோ படத்தைக் காட்டி, காற்று திங்கட்கிழமைதான் வரும் என்றார். அவருடைய மனைவி, "அந்தம்மா சொல்றபடி நாளைக்கே போயிடலாமே" என்றாள். அவர் கேட்கவில்லை. ஓட்டலுக்கு ஞாயிறுவரை கொடுத்தாயிற்றாம். ஸ்டமாத்தா டிக்கெட்டை ஜன்னல் வழியே அவர் முன்னால் தள்ளினாள். யாரோ தன் வீட்டுப் பாத்திரத்தை உடைத்துவிட்டதைப் போல இருந்தது அவள் முகம்.

"நீ டிக்கெட் விக்கிறியா, இல்ல டிக்கெட் வாங்காதீங்கன்னு பிரசாரம் பண்றியா?" என்றான் பக்கத்துக் கடையிலிருந்து லெஃப்தேரிஸ். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவளைப் பார்த்துப் பயப்படாத ஆள் தீவில் அவன் ஒருவன்தான்.

"உன் வாயில ஈ பூந்துடப் போவுது, மூடிக்க."

தீவில் எல்லோரும் இதை அனுபவசாலியின் அறிவு என்று நினைத்தார்கள். அது அறிவு இல்லை, கோபம். ஒன்பது வருஷத்துக் கோபம்.

அவள் அம்மா மோஸ்கூலா படுத்துவிட்ட அந்தக் குளிர்காலத்தில், பிரேயஸ் துறைமுக ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்த்த தங்கை ஆர்கிரோவுக்கு ஸ்டமாத்தா வியாழக்கிழமை போன் செய்தாள். நாளைக்கே வந்துவிடு என்றாள். ஆர்கிரோ, நாளைக்குக் கடையில் ஆளில்லை, சனிக்கிழமை விடிந்ததும் முதல் கப்பலில் வந்துவிடுகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை இரவு காற்று எழும்பியது. சனிக்கிழமை கப்பல் இல்லை. ஞாயிறும் இல்லை. அம்மா போய்விட்டாள். எங்கள் தீவில் பிணத்தை வைத்துக் காத்திருக்க வசதி கிடையாது. ஆர்கிரோ கறுப்பு உடையில் கப்பலை விட்டு இறங்கியபோது கல்லறையில் மண் காய்ந்திருந்தது.

படகுத்துறையில், கயிறு பிடிக்கிறவன், காய்கறி இறக்குகிறவன், பாதிரியார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டமாத்தா தங்கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

"காத்து மேல பழியப் போடாத. வரணும்னு நெனச்சவ ஒரு நாள் முன்னாடியே வந்திருப்பா."

ஆர்கிரோ திரும்பி நடந்தாள். கல்லறைக்குப் போய் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, அதே கப்பல் திரும்பி வரும்போது ஏறிப் போய்விட்டாள். அதன்பிறகு இருவரும் பேசவில்லை. அன்றிலிருந்து ஜன்னலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஸ்டமாத்தா அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெர்மன்காரர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் அவள் சொன்னதெல்லாம் உண்மையில் ஒருத்திக்குச் சொன்னது.

போன வசந்தத்தில் லெஃப்தேரிஸ் காபியை அவள் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"ஆர்கிரோ போன் பண்ணுனா."

"உனக்கா?"

"உனக்குப் பண்ணுனா நீ எடுப்பியா? அவளுக்குப் பொண்ணு பொறந்துருக்கு. நாப்பத்திரண்டு வயசுல. ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தாயா நிக்கணுமாம். பேரும் நீதான் சொல்லணுமாம்."

ஞானத்தாயாக நிற்கும்படி கேட்டு வந்தால் எங்களில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சொன்னால் பாவம். எதிரி கேட்டாலும் தலையாட்டித்தான் ஆக வேண்டும். ஆர்கிரோவுக்கு அது தெரியும், தெரிந்துதான் கேட்டிருக்கிறாள் என்று ஸ்டமாத்தா பல்லைக் கடித்தாள். ஆனால் அன்று மாலை கடையைப் பூட்டியபின் லெஃப்தேரிஸிடம், "சரின்னு சொல்லு" என்றாள்.

ஞானஸ்நானம் நடக்கும்வரை பிள்ளைக்குப் பெயர் கிடையாது. பாப்பா, பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கோயிலில் தொட்டிக்கு முன்னால் ஞானத்தாய் வாயைத் திறந்து சொன்னபிறகுதான் அதற்குப் பெயர். ஸ்டமாத்தா என்ன பெயர் சொல்லப்போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. மோஸ்கூலா என்ற பெயரைத் தவிர வேறு எது? வெள்ளைச் சட்டை, துண்டு, சோப்பு, சிலுவை, மெழுகுவர்த்தி எல்லாம் ஞானத்தாய்தான் கொண்டுபோக வேண்டும். அவள் வாங்கினாள். சொந்த மரத்து ஆலிவ் எண்ணெயைச் சின்னக் குப்பியில் ஊற்றி மூடினாள். எல்லாவற்றையும் ஒரு வெள்ளைப் பெட்டியில் அடுக்கி நாடா கட்டினாள்.

ஞானஸ்நானம் பிரேயஸில், ஹாலந்துக்காரர் கிளம்பவிருந்த அதே ஞாயிறு மாலை. ஞாயிறு காலைக் கப்பலில் போனால் மதியத்துக்கு மேல் போய்ச் சேரலாம். சடங்கு முடிந்ததும் இரவுக் கப்பலில் திரும்பிவிடலாம். அப்படித்தான் அவள் தனக்கு டிக்கெட் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் லெஃப்தேரிஸ் ஜன்னலில் முழங்கையை ஊன்றினான்.

"இன்னிக்குக் கப்பல்லயே போயிடேன்."

"ஆகஸ்டு மாசம். இவ்வளவு கூட்டத்தை யாரு பாப்பா? நீயா?"

"நான் பாக்கறேன்."

"நீ பாத்தா பிரேயஸுக்குப் போறவன் துருக்கிக்குப் போவான்."

"அடியே, ஊருக்கெல்லாம் ஒரு நாள் முன்னாடி போன்னு சொல்றவ நீ!"

"எதுத்த மலையப் பாரு. உச்சியில மேகத் தொப்பி இருக்கா? இல்ல. தொப்பி இல்லன்னா நாளைக்குக் காத்து இல்ல. எங்கப்பா சொன்னது. எனக்கு நீ சொல்ல வந்துட்டியா?"

மலை உச்சியில் தொப்பி இல்லைதான். ஆனால் விஷயம் மலை இல்லை. சனிக்கிழமை போனால் சனிக்கிழமை ராத்திரி ஆர்கிரோவின் வீட்டில் படுக்க வேண்டும். அவள் போட்ட மெத்தையில் படுத்து, அவள் துவைத்த போர்வையைப் போர்த்தி, காலையில் அவள் கையால் காபி வாங்கிக் குடிக்க வேண்டும். எதிரெதிரே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பேச வேண்டும். அதற்கு ஸ்டமாத்தாவுக்குத் தைரியம் வரவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய், பிள்ளையைக் கையில் வாங்கி, பெயரைச் சொல்லி, முத்தம் கொடுத்து, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில். ஞாயிறு விடியும் முன்பே ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் ஸ்டமாத்தா எழுந்து உட்கார்ந்தாள். படுக்கையிலிருந்தே தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் படகுத்துறையில் உட்கார்ந்தவளுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுந்து குளித்து, நீலப் பட்டு உடையை உடுத்தி, குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, பெட்டியை மார்போடு அணைத்தபடி இறங்கி வந்தாள். போகிற வழியில் காற்று அவள் முடியைப் பிய்த்தது. லெஃப்தேரிஸின் பிளாஸ்டிக் நாற்காலிகள் துறை முழுக்க உருண்டுகொண்டிருந்தன. கடல் வெள்ளை வெள்ளையாகக் கொதித்தது.

துறைமுகக் காவல் அறையில் இருந்தவன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"காத்து எட்டாம் அளவுக்கு ஏறிடுச்சு, ஸ்டமாத்தாக்கா. தடை வந்துடுச்சு."

"ராத்திரிக்குள்ள எறங்குமா?"

"திங்கக்கிழமை வரைக்கும் எறங்காதாம்."

அவள் கடையைத் திறந்து உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது? பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது. எப்போது கப்பல் வரும்? காற்று நின்றதும். காற்று எப்போது நிற்கும்? ஸ்டமாத்தா கண்ணை மூடித் திறந்தாள். சின்னப் படகு ஏதாவது கிடைக்குமா? பெரிய கப்பலே போக முடியாத கடலில் சின்னப் படகா? ஹெலிகாப்டர்? இங்கே கழுதைதான் இருக்கிறது.

ஹாலந்துக்காரரும் வந்தார். பட்டு உடையையும் மடியில் இருந்த பெட்டியையும் பார்த்தார்.

"நீங்களும் இந்தக் கப்பலுக்குத்தானா?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பரிதாபப்பட்டுத்தான் கேட்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குத்திக்காட்டியிருந்தால் திட்டி அனுப்பியிருக்கலாம்.

"ஆமா" என்றாள்.

லெஃப்தேரிஸ் காபியைக் கொண்டுவந்து வைத்தான். அவனிடம் ஒரு கேலி தயாராக இருந்தது, முகத்தில் தெரிந்தது. அவள் கண்களைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டான்.

"அவளுக்கு நான் சொல்லட்டுமா?" என்றான்.

"வேணாம்."

"அப்ப நீ சொல்லு."

"சொல்றேன்."

சொல்லவில்லை. போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். என்னவென்று சொல்வது? காற்று என்றா? அந்த வார்த்தையை அவள் எப்படி ஆர்கிரோவிடம் சொல்வாள்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வார்த்தையைத்தான் ஊர் பார்க்க ஆர்கிரோவின் வாயிலேயே அடைத்தாள். இப்போது ஆர்கிரோ திருப்பிச் சொன்னால் போதும். வரணும்னு நெனச்சிருந்தா ஒரு நாள் முன்னாடியே வந்திருப்பே. அதற்கு ஸ்டமாத்தாவிடம் பதில் இல்லை. ஏனென்றால் ஆர்கிரோவிடம் அன்று இருந்த காரணம்கூட இவளிடம் இல்லை. மருந்துக்கடையில் ஆளில்லாமல் போனது நிஜம். இவளுக்காகக் கடையைப் பார்த்துக்கொள்ள லெஃப்தேரிஸ் தயாராக நின்றான்.

போன் அடித்தது.

"அக்கா."

குரல் கொஞ்சம் கனத்திருந்தது. மற்றபடி அதே குரல்தான். ஸ்டமாத்தாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ம்."

"காத்து எவ்வளவு?"

"எட்டு."

"டிவியில சொன்னான். இங்கயும் எல்லாக் கப்பலையும் கட்டிப்போட்டுட்டாங்க." பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். ஞானத்தாய் இல்லாம அவரால ஒண்ணும் பண்ண முடியாதாம். அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு வெச்சுக்கலாம்னுட்டாரு."

"ம்."

"பாப்பா இன்னும் ஒரு வாரம் பாப்பாதான்."

அவ்வளவுதான் சொன்னாள். நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அந்தப் பழைய வார்த்தையைத் திருப்பி எறியவில்லை. எறிந்திருந்தால் ஸ்டமாத்தா கத்தியிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், அது சுலபம். இந்த மௌனத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் டக் டக்கென்று தட்டினார்கள். ஹாலந்துக்காரர். பக்கத்தில் அவர் மனைவி, கையைக் கட்டிக்கொண்டு, அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி.

"மேடம், ஒரே ஒரு நிமிஷம்."

"நான் போன் பேசிட்டிருக்கேன், தெரியலையா?"

"இனிமே ப்ளைட்டைப் பிடிக்க முடியாது. இவ காலையிலேருந்து என்கூடப் பேச மாட்டேங்கறா. நேத்தே போயிருக்கணும், எல்லாம் என் தப்புன்னு சொல்றா. நீங்களே சொல்லுங்க. என் தப்புதானா?"

மனைவி முதல் முறையாகத் திரும்பி ஸ்டமாத்தாவைப் பார்த்தாள். இந்தத் தீவிலேயே இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லக்கூடியவள் இவள்தான் என்பது போலப் பார்த்தாள்.

ஸ்டமாத்தா வாயைத் திறந்தாள். ஆமாம், உங்கள் தப்புதான், நான்தான் சொன்னேனே என்று அவள் வழக்கமாகச் சொல்லும் பதில் நாக்கு நுனிவரை வந்தது. வந்து நின்றது. பிறகு அவள் வெடித்தாள்.

"இவரு தப்பு என்ன இருக்கு? காத்தடிச்சா இவரு என்ன பண்ணுவாரு? அவரா ஊதினாரு? முன்னாடியே போகணும்னு எல்லாருக்கும் தெரியும், எல்லாராலயும் போக முடியுதா? ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். கப்பல் வரலன்னா அது யாரு தப்பும் இல்ல! நூறு பேரு முன்னாடி அவரை நிக்க வெச்சுத் திட்டாதீங்கம்மா. அப்புறம் ஆயுசு பூரா மறக்காது. போங்க, போய் ரெண்டு பேரும் காபி குடிங்க!"

இவ்வளவையும் இங்கிலீஷில்தான் சொன்னாள். இலக்கணமெல்லாம் பறந்தது, ஆனால் விஷயம் புரிந்தது. அந்த அம்மாள் கையை அவிழ்த்தாள். ஹாலந்துக்காரர் நன்றி சொல்லிவிட்டு, மனைவியின் பையையும் தூக்கிக்கொண்டு லெஃப்தேரிஸின் கடைப்பக்கம் போனார்.

ஸ்டமாத்தா போனைக் காதில் வைத்தாள்.

"ஆர்கிரோ? இருக்கியா?"

"இருக்கேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "யாரு அது?"

"யாரோ டூரிஸ்ட்டு. இவங்களோட ஒரே ரோதனை."

"பிரேயஸ்ல மருந்துக்கடையில வேலை பாக்கறேன்கா. கப்பல்லேருந்து எறங்கி வர்றவங்க பாதிப் பேரு இங்கிலீஷ்காரங்கதான். எனக்குப் புரியும்."

ஸ்டமாத்தா பெட்டியின் நாடாவை விரலில் சுற்றினாள்.

"அதையே நம்ம பாஷையில சொல்லுக்கா" என்றாள் ஆர்கிரோ.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் காட்டி ஏதோ கேட்டார். ஸ்டமாத்தா எட்டி ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். ஆகஸ்டு மாதத்தில், பகலில், அவள் அந்த ஜன்னலைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை. இருட்டில் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காத்துதான்டி" என்றாள். "அன்னிக்கும் காத்துதான். உன் தப்பு இல்ல. நான் சொன்னது தப்பு." பிறகு, சொல்ல ஆரம்பித்துவிட்டதால், மிச்சத்தையும் சொன்னாள். "நேத்தே வந்திருக்கலாம். உன் வீட்டுல படுக்கணுமேன்னுதான் வரல."

அந்தப் பக்கம் ஆர்கிரோ அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. குழந்தை தட்டுவதை நிறுத்திவிட்டு என்னவோ குழறியது.

"காத்து எறங்குனதும் மொதக் கப்பல்ல வரேன்" என்றாள் ஸ்டமாத்தா. "ஞாயித்துக்கெழமை வரைக்கும் அங்கதான் இருப்பேன். கடைய அந்தக் கிறுக்கன் லெஃப்தேரிஸ் பாத்துக்குவான். எனக்கு ஒரு மெத்தை போட்டு வை."

"போட்டாச்சு" என்றாள் ஆர்கிரோ. "வெள்ளிக்கெழமையே போட்டுட்டேன்."